ராமநாதபுரம் கடற்கரைக்கான காற்றுத்தர மாடலில் துகள் கணக்கு பிசகினால் எதை முதலில் திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரைக்கு 12 கிலோமீட்டர் கட்டத்தில் காற்று மாசின் பரவலையும் வேதி மாற்றத்தையும் கணக்கிடும் சிஎம்ஏக்யூ மாடல் ஓட்டுகிறீர்கள். வானிலைத் தரவை டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடல் தருகிறது, எல்லைத் தரவு (மாடல் பரப்புக்கு வெளியிலிருந்து நுழையும் மாசின் அளவு) ஐரோப்பாவின் கேம்ஸ் என்ற காற்றுத்தர முன்கணிப்பிலிருந்து வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க மண்டபத்தில் ஒன்று, சாயல்குடியில் ஒன்று என இரண்டு சின்ன லேசர் சென்சார்கள். ஆடியில் மண்டபத்து பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்கள்) அளவை மாடல் இரண்டு மடங்காகக் காட்டுகிறது. தை மாத விடியற்காலையில் சாயல்குடியின் பிஎம் 2.5 (2.5 மைக்ரான் வரையிலான சிறு துகள்கள்) அளவைப் பாதியாகக் காட்டுகிறது. துகள் வேதியியலை இன்னும் விரிவாகக் கணக்கிடும் மொசைக் முறைக்காக, வானிலையோடு வேதியியலையும் சேர்த்து ஓட்டும் டபிள்யூஆர்எஃப்-கெம்முக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாறாதீர்கள். உங்கள் இரண்டு பிசகும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது வருவது உப்புக் கணக்கு, வாடை (வடக்கு, வடகிழக்குக் காற்று) அடிக்கும்போது வருவது புகைக் கணக்கு. வருடம் முழுவதையும் சேர்த்து ஒரே சராசரிப் பிழை எடுத்தால் ஒன்றின் மிகை இன்னொன்றின் குறையை மறைத்துவிடும். மாடல் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். காற்றுத் திசைப்படி தரவைப் பிரித்து, மாடலும் கருவியும் ஒரே பொருளைத்தான் எடை போடுகின்றனவா என்று பார்த்து, அதன்பின் உமிழ்வையும், தரையையொட்டிக் காற்றும் புகையும் கலந்து பரவும் கலப்பு அடுக்கையும் திருத்தி, வேதியியலைக் கடைசியில் தொடுவதுதான் முறை.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். சின்ன லேசர் சென்சார் துகளை எடை போடுவதில்லை. துகள் சிதறடிக்கும் ஒளியை அளந்து அதை எடையாக ஊகிக்கிறது. 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்களை இந்த வகை சென்சார்கள் சரியாகப் பார்ப்பதே இல்லை. அவை காட்டும் பிஎம் 10 எண் பெரும்பாலும் சிறு துகள்களை வைத்துப் போட்ட ஊகம். கடல் உப்பின் எடையோ பெரும்பாலும் பெரிய துகள்களில்தான் இருக்கிறது. ஆகவே ஆடி மாத பிஎம் 10 ஒப்பீட்டில் மாடல் மிகையா, சென்சார் குறையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மண்டபத்தில் வடிதாள் வைத்துக் காற்றை இழுக்கும் மாதிரி எடுப்பானை வையுங்கள், அல்லது தாளில் படியும் துகளின் எடையைப் பீட்டாக் கதிரால் அறியும், நுழைகுழாய் சூடாக்கப்பட்ட கருவியை வையுங்கள். அதுவரை அந்த இரண்டு மடங்கை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

தை விடியற்காலையில் இதே சென்சார் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அதில் சூடாக்கி கிடையாது. ஈரத்தில் உப்பிய துகளை அப்படியே அளக்கும். எவ்வளவு உப்பும் என்பதைக் கப்பா என்ற ஒரே எண்ணால் கணக்கிடலாம்: ஈரத்தோடு கூடிய கன அளவை உலர்ந்த கன அளவால் வகுத்தால் வருவது, 1 கூட்டல் கப்பா பெருக்கல் நீர்ச்செறிவு வகுத்தல் (1 கழித்தல் நீர்ச்செறிவு). நீர்ச்செறிவு என்பது ஏறக்குறைய ஈரப்பதச் சதவீதத்தை நூறால் வகுத்த எண். கடல் உப்புக்குக் கப்பா சுமார் 1.1, அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6, புகையின் கரிமப் பொருளுக்கு 0.1 அளவு. சல்பேட்டும் புகையும் கலந்த துகளுக்கு 0.3 என்று வையுங்கள். ஈரப்பதம் 90 சதவீதமாக இருக்கையில் கன அளவு 3.7 மடங்கு ஆகிவிடும். பனி இறங்கும் தை விடியலில் 90 சதவீதம் சாதாரணம். மாடல் காட்டும் பாதி அளவில் எவ்வளவு மாடலின் குறை, எவ்வளவு சென்சாரின் மிகை என்பது அந்தந்த மணி நேரத்தின் ஈரப்பதத்தை எதிரே வைத்துப் பார்த்தால்தான் பிரியும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே உள்ள மணி நேரங்களை மட்டும் எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி என்பது அப்போதும் பாதியாகவே நின்றால் குறை மாடலில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சென்சாருக்கு அமெரிக்காவில் ஒரு திருத்தச் சூத்திரம் புழக்கத்தில் உள்ளது: அளவை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதச் சதவீதத்தின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75 கூட்டுவது. அந்த எண்களை நம் கடற்கரையில் அப்படியே போடக் கூடாது. அது அந்த நாட்டுத் துகள்களுக்குப் பொருத்தியது. அங்கே பெரும்பாலான இடங்களில் இவ்வளவு உப்பு கிடையாது. சூத்திரத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பீட்டாக் கருவிக்குப் பக்கத்தில் சென்சாரைக் கச்சானில் ஒரு மாதமும் வாடையில் ஒரு மாதமும் வைத்து உங்கள் எண்களை நீங்களே பொருத்துங்கள்.

அடுத்தது எல்லைத் தரவு. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கேம்ஸ் தரும் கடல் உப்பின் எடை உலர்ந்த உப்பின் எடை இல்லை. ஈரப்பதம் 80 சதவீதத்தில் இருக்கும் ஈர உப்பின் எடை. உலர் எடை வேண்டுமானால் 4.3ஆல் வகுக்க வேண்டும். சிஎம்ஏக்யூ உலர்ந்த சோடியத்தையும் குளோரைடையும் எதிர்பார்க்கிறது. தண்ணீரைத் தானே சேர்த்துக்கொள்ளும். வகுக்காமல் உள்ளே விட்டால் தெற்கு, மேற்கு எல்லைகள் வழியாக நான்கு மடங்குக்கும் மேல் உப்பு நுழையும், அதன்மேல் மாடல் மறுபடியும் தண்ணீர் ஊற்றும். கச்சான் மாதங்களில் மட்டும் பிஎம் 10 மிகையாக வருவதற்கு இதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம். சோதிப்பது எளிது: எல்லையில் கடல் உப்பைப் பூஜ்யமாக்கி மூன்று நாள் ஓட்டுங்கள். மண்டபத்து எண் பாதியாகச் சரிந்தால் உப்பு எல்லை வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. வகுத்த பிறகு எடையைப் பிரிக்கும் விகிதம்: குளோரைடு 55 சதவீதம், சோடியம் 31, சல்பேட் 8, மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். கேம்ஸ் உப்பைத் துகள் அளவுப்படி பிரிக்கும் மூன்று பகுப்புகளின் ஆர எல்லைகளும் 80 சதவீத ஈரத்தில் சொல்லப்பட்டவை. உலர் ஆரமாக்க அவற்றையும் ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கிய பிறகுதான் சிஎம்ஏக்யூவின் முறைகளுக்குள் (மோடு எனப்படும் துகள் அளவுப் பிரிவுகளுக்குள்) பங்கிட வேண்டும்.

அளவு வரம்பிலும் இதே சிக்கல் உண்டு. கருவியின் நுழைவாயில் 2.5 மைக்ரான் என்று வெட்டுவது காற்றியக்க விட்டத்தை (காற்றில் துகள் நகரும் விதத்தை வைத்துச் சொல்லும் விட்டம்), அதுவும் வெளிக்காற்றின் ஈரத்தோடு. உலர்ந்த நிலையில் 1.25 மைக்ரான் இருக்கும் உப்புத் துகள் 80 சதவீத ஈரத்தில் இரு மடங்காகி 2.5ஐத் தொட்டுவிடும், நுழைவாயில் அதைத் தள்ளிவிடும். மாடலின் வெளியீட்டை உலர் விட்டப்படி கூட்டினால் அந்தத் துகள் பிஎம் 2.5 கணக்கில் உட்கார்ந்திருக்கும். சிஎம்ஏக்யூவில் மிகச் சிறிய துகள்களுக்கான ஐட்கன் முறையையும் அடுத்த அளவுக்கான குவிப்பு முறையையும் வெறுமனே கூட்டுவது ஒரு வழி. ஒவ்வொரு முறையிலும் 2.5க்குக் கீழே விழும் பங்கைப் பெருக்கிக் கூட்டுவது இன்னொரு வழி. உப்பில்லாத உள்நாட்டு ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. பாம்பனில் தெரியும். இரண்டாவதையே எடுங்கள், கூட்டும்போது துகளில் ஒட்டிய நீர் மாறிகளை விட்டுவிட்டீர்களா என்றும் சரிபாருங்கள். வடிதாளை எடை போடும் அறையில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். தண்ணீரில் பெரும்பகுதி அங்கே போய்விடுகிறது.

இனி உப்பு பிறக்கும் இடம். திறந்த கடலில் வெண்நுரை மூடும் பரப்பு, 10 மீட்டர் உயரக் காற்று வேகத்தின் 3.41ஆம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். வேகம் நொடிக்கு 5 மீட்டரானால் கடலின் 0.09 சதவீதம் நுரையாக இருக்கும். நொடிக்கு 10 மீட்டரானால் 1 சதவீதம். வேகம் இரு மடங்கானால் நுரை பத்து மடங்குக்கும் மேல். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டபிள்யூஆர்எஃப் காற்றை 20 சதவீதம் மிகையாகக் காட்டினால் உப்பு 86 சதவீதம் மிகையாகிவிடும். மன்னார் வளைகுடாவில் ஆடிக்காற்றை டபிள்யூஆர்எஃப் எப்படிக் காட்டுகிறது என்பதைப் பாம்பன், தொண்டி வானிலை நிலையங்களின் மூன்று மணி நேரப் பதிவுகளோடு ஒப்பிடாமல் உப்பு உமிழ்வுச் சூத்திரத்தில் கை வைப்பது வீண் வேலை. சராசரி வேகம் பொருந்தினால் போதாது. உச்ச வேகங்கள் பொருந்த வேண்டும். உப்பில் பெரும்பங்கு அந்தச் சில மணி நேரங்களில்தான் பிறக்கிறது.

வெப்பமும் கணக்கில் வரும். குளிர்ந்த கடலைவிட வெதுவெதுப்பான கடல் அதிகம் உப்பு தெளிக்கிறது. 2011இல் வெளியான ஒரு திருத்தச் சமன்பாடு 29 டிகிரி செல்சியஸ் நீருக்கு ஏறக்குறைய 1.9 என்ற பெருக்கெண்ணைத் தருகிறது. உங்கள் சிஎம்ஏக்யூ 5.1க்கு முந்தையதென்றால் அதில் நீர் வெப்பத் திருத்தம் கிடையாது. புதிய பதிப்பில் உண்டு, ஆனால் கடல் வெப்பத் தரவு சரியாக உள்ளே போக வேண்டும். உலக அளவிலான கரடுமுரடான வெப்பக் கோப்பில் பாக் விரிகுடாவின் கட்டங்கள் சில சமயம் நிலமாகவே குறிக்கப்பட்டிருக்கும். அங்கே நிலத்தின் வெப்பம் நுழைந்துவிடும்.

இந்தக் கடற்கரையின் தனிக் குணம், வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) ஒரே நாளில் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது. ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாறிவிடும். மீனவர்கள் கடல் மாறித் தொழில் செய்வது இதனால்தான். மாடலின் நுரைச் சூத்திரமோ ஆழ்ந்த, எல்லையற்ற கடலுக்கானது. வேகத்தை மட்டும் பார்க்கும். தேவிபட்டினத்துக்கு எதிரே கச்சான் 8 மீட்டர் வேகத்தில் அடித்தாலும் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையோரத்தில் அலை எழும்ப இடமே இல்லை, சராசரி ஆழமோ 10 மீட்டர்கூட இல்லை. மாடல் அங்கே திறந்த கடலுக்குரிய உப்பைத் தெளித்துக்கொண்டிருக்கும். காற்று கடல்மேல் ஓடி வந்த தூரத்தை ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டுத் திசைகளுக்குக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தூரம் குறைவாக உள்ள திசைகளில் உமிழ்வைக் குறையுங்கள். அலை உயரத்தைச் சேர்த்துக்கொள்ளும் சூத்திரமும் உண்டு. ஆனால் அரை டிகிரி அலைத் தரவு பாக் விரிகுடாவுக்கு உதவாது, தனியாக அலை மாடல் ஓட்ட வேண்டியிருக்கும்.

கரையில் அலை உடையும் பட்டையை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். சிஎம்ஏக்யூவின் கடல் கோப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் திறந்த கடல் எவ்வளவு, அலை உடையும் பட்டை எவ்வளவு என்று இரண்டு பங்குகள் இருக்கும். அந்தப் பட்டை முழுவதும் நுரை என்று மாடல் எடுத்துக்கொள்ளும். பட்டையின் அகலம் பழைய பதிப்புகளில் 50 மீட்டர், பிறகு 25 ஆக்கினார்கள். 3 கிலோமீட்டர் கட்டத்தில் 3 கிலோமீட்டர் நீளக் கரை இருந்தால், 25 மீட்டர் அகலப் பட்டை அந்தக் கட்டத்தின் 0.83 சதவீதம். கேட்கச் சின்ன எண். ஆனால் கட்டம் முழுவதும் திறந்த கடலாக இருந்து அதே அளவு நுரை கிளம்ப வேண்டுமானால் காற்று 9.5 மீட்டர் வேகத்தில் அடிக்க வேண்டும். காற்று 5 மீட்டர் வேகத்தில் வீசும் சாதாரண நாளில் அந்தக் கட்டத்தில் பிறக்கும் உப்பில் பத்தில் ஒன்பது பங்கை இந்த ஒரு பட்டைதான் தருகிறது. உங்கள் பகுதியில் உப்புக் கணக்கை ஆள்வது சூத்திரமே அல்ல, இந்தக் கோப்புதான்.

அந்தக் கோப்பைத் தயாரிக்கும் கருவிக்குக் கரைக்கோடு மட்டுமே தெரியும். தனுஷ்கோடியின் தென்கரையும் காரங்காட்டின் அலையாத்திக் கரையும் அதற்கு ஒன்றுதான். தனுஷ்கோடியில் அலை நிஜமாகவே உடைகிறது. அங்கே 25 மீட்டர் போதாமல்கூடப் போகலாம். காரங்காட்டில் சேறும் அலையாத்தி மரமும்; உடைய அலையே கிடையாது. கீழக்கரை, ஏர்வாடிக்கு எதிரே தீவுகளும் பவளப்பாரும் இருப்பதால் அலை கரைக்கு வருமுன் பாரிலேயே உடைந்து தளர்ந்துவிடுகிறது; பட்டையைக் கரையிலிருந்து எடுத்துப் பார் இருக்கும் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். கரையைப் பத்துப் பதினைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கச்சானுக்கு ஒரு அகலம், வாடைக்கு ஒரு அகலம் கொடுத்து இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் நுரைக் கோடு கண்ணுக்கே தெரியும். ஒரு வாரத்து வேலைதான். இந்தக் கடற்கரையில் பலன் அதிகம் தரும் வேலையும் அதுவே.

இதற்கெல்லாம் 12 கிலோமீட்டர் கட்டம் போதாது. மண்டபம் முனை நிலம் சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரே கட்டத்துக்குள் வடகடல், நிலம், தென்கடல் மூன்றும் விழுகின்றன. மாடல் அந்தக் கட்டத்தை நிலம் என்றோ கடல் என்றோ ஏதாவது ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கேற்பக் கலப்பு உயரமும் படிவு வேகமும் மாறும். உள்ளே 3 கிலோமீட்டர், முடிந்தால் ராமேசுவரம் தீவுக்கு 1 கிலோமீட்டர் உள்கட்டம் போடுங்கள். கடற்காற்று நிலத்துக்குள் வரும்போது கீழிருந்து சூடேறி வளரும் கலப்பு அடுக்கின் உயரம், கரையிலிருந்து உள்ளே வந்த தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும்: ஒரு கிலோமீட்டர் உள்ளே அறுபதிலிருந்து நூற்றைம்பது மீட்டர் வரை, பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருநூறிலிருந்து ஐந்நூறு வரை. தீவில் அது வளர இடமே கிடைக்காது. பகலில் ஆயிரம் மீட்டர் கலப்பு என்று மாடல் காட்டினால் படகுத் துறையின் டீசல் புகை காற்றில் கரைந்து காணாமல் போய்விடும்.

படகுத் துறை என்றதும் நினைவில் வைக்க வேண்டியது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஒரு மூலத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வுக்காரர்களுக்கு அபூர்வம். இங்கே வருடா வருடம் கிடைக்கிறது. ராமேசுவரம் அல்லது மண்டபம் துறைக்கருகே கரும்புகை அளக்கும் கருவி வைத்து, தடைக்கு முன்னும் பின்னும் ஒரே திசைக் காற்று அடித்த மணி நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் காற்றே மாறத் தொடங்கிவிடும் என்பதால் திசை பார்க்காமல் ஒப்பிட்டால் தவறான முடிவு வரும். உலகளாவிய உமிழ்வுப் பட்டியல்கள் மீன்பிடிப் படகுப் புகையை ஆண்டு முழுவதும் சமமாகப் பரப்பி வைத்திருக்கின்றன. குறைந்தபட்சம் தடைக்காலத்தில் பூஜ்யம் என்றும் மற்ற மாதங்களில் கடலுக்குப் போகும் நாள்கள் மட்டும் என்றும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது சாயல்குடியின் தை மாதம். வடக்கே கடலாடி, முதுகுளத்தூர், கமுதி. அங்கிருந்து வாடைக்காற்று நேராகச் சாயல்குடிக்கு வருகிறது. அந்த வட்டாரம் முழுக்கச் சீமைக்கருவேல், ஆகவே கரிமூட்டம். உங்கள் தீ உமிழ்வுத் தரவு செயற்கைக்கோள் கண்ட வெப்பப் புள்ளிகளிலிருந்து வருவது. விறகை அடுக்கித் தழை போட்டு மண் பூசிய மூட்டம் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனிகிறது; வெளியே வெப்பம் தெரியாது. 375 மீட்டர் துல்லியம் உள்ள செயற்கைக்கோளுக்கும் அது வெறும் மண்மேடுதான். மாடலில் இந்தப் புகை இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதைச் சேர்க்கும் வழி கரியின் எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. மண் மூட்டத்தில் நூறு கிலோ காய்ந்த விறகுக்கு ஏறக்குறைய இருபது கிலோ கரி கிடைக்கும் என்று வையுங்கள். விறகில் பாதி கார்பன், அதாவது ஐம்பது கிலோ. கரியில் முக்கால் பங்கு கார்பன், அதாவது பதினைந்து. மீதி முப்பத்தைந்து கிலோ கார்பன் கார்பன் டைஆக்சைடாகவும் மோனாக்சைடாகவும் மீத்தேனாகவும் புகைத் துகளாகவும் ஆவியாகவும் காற்றில் போகிறது. ஒன்றியவாரியாகக் கரி வியாபாரிகளிடம் மாத லோடு கணக்கு வாங்கினால் மொத்த விறகு தெரிந்துவிடும். கரிமூட்டத்துக்கென்றே வெளியாகியுள்ள உமிழ்வுக் காரணிகளைப் பெருக்கிப் பிஎம் 2.5 எடுக்கலாம். அடுப்பு விறகின் காரணியையோ காட்டுத்தீயின் காரணியையோ கடன் வாங்காதீர்கள். கனிந்து எரிவதன் புகையில் கரிமப் பொருள் மிக அதிகம், கரும்புகை மிகக் குறைவு. நேரப் பங்கீட்டையும் கவனியுங்கள். பகலில் உச்சம், இரவில் பூஜ்யம் என்பது வாகனத்துக்கான வடிவம். மூட்டம் இரவும் பகலும் ஒரே சீராகப் புகையும். இரவுப் புகைதான் விடியலில் உங்கள் சென்சாருக்கு வருகிறது.

இந்தப் புகையின் கரிமப் பொருள் எளிதில் ஆவியாகவும் மீண்டும் துகளாகவும் மாறக்கூடியது. மூட்டத்துக்குப் பக்கத்தில் துகளாக இருப்பது காற்றில் விரவியதும் ஓரளவு ஆவியாகி, பிறகு வெயிலில் ஆக்சிகரணமடைந்து மீண்டும் துகளாகிறது. முதன்மைக் கரிமத் துகளை ஆவியாகாத பொருளாக வைத்திருக்கும் பதிப்பை ஓட்டினால் மூலத்தருகே மிகையும் சாயல்குடியில் குறையும் ஒரே நேரத்தில் வரும். சிஎம்ஏக்யூ 5.2 முதல் ஆவித்தன்மையோடு கூடிய தேர்வு உள்ளது; அதைப் போடுங்கள்.

இரவுக் கலப்பு தனியாக ஒரு பார்வை கேட்கிறது. அமைதியான இரவில் புகை ஐம்பது, நூறு மீட்டருக்குள் தங்கும். மாடலின் முதல் அடுக்கே நாற்பது மீட்டர் என்றால் விடியல் உச்சத்தைப் பிடிக்கவே முடியாது. முதல் அடுக்கை 20 மீட்டருக்குக் கீழே வையுங்கள், நூறு மீட்டருக்குள் ஐந்து அடுக்குகளாவது இருக்கட்டும். செங்குத்துக் கலப்புக்குச் சிஎம்ஏக்யூ ஒரு குறைந்தபட்ச எண் வைத்திருக்கிறது. நகர நிலத்தில் பெரியது, நாட்டுப்புற நிலத்தில் அதில் நூறில் ஒரு பங்கு. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் தவறி நகரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாடையில் உள்ளூர்ப் புகையோடு தூரத்துப் புகையும் வரும். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு, துணைக்கண்டத்தின் புகைமூட்டம் குளிர்காலக் காற்றில் இந்தியப் பெருங்கடல்மேல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதை அளந்து காட்டியது. ஆகவே வடக்கு எல்லையை வங்கக் கடலில் சென்னைக்கும் அப்பால் வையுங்கள். எல்லைப் பிழையைத் திருத்தச் செயற்கைக்கோளின் ஒளிமறிப்பு அளவை (காற்றுத் துகள்கள் வெளிச்சத்தை எவ்வளவு மறிக்கின்றன என்பதை) மாடலுக்குள் புகுத்தலாம் என்று ஆசை வரும். இந்தக் கடற்கரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாக் விரிகுடாவின் கலங்கிய, தரை தெரியும் நீர்மேல் அந்த அளவே நம்பத்தக்கதாக இல்லை. தவிர, ஒளிமறிப்பு ஈரத் துகளின் கணக்கு: அம்மோனியம் சல்பேட்டின் கன அளவு 90 சதவீத ஈரத்தில் 6.4 மடங்கு, 95இல் 12.4 மடங்கு. டபிள்யூஆர்எஃப் ஈரப்பதத்தை ஐந்து சதவீதம் தவறவிட்டால் அந்தத் தவறு முழுவதும் துகளின் தலையில் விழுந்து, நல்ல உமிழ்வும் கெட்டுப்போகும்.

எது சரியானது, எது தற்செயலாகப் பொருந்தியது என்று பிரித்துக் காட்டுவது வேதிப் பகுப்பு மட்டும்தான். எடைக்கும் அயனிகளுக்கும் டெஃப்லான் வடிதாள், கரிமத்துக்கும் கரும்புகைக்கும் குவார்ட்ஸ் வடிதாள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 24 கன மீட்டர் காற்று. எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வையுங்கள். நம் வெயிலில் பேருந்தில் திறந்து போனால் நைட்ரேட் பறந்துவிடும்.

எண்களைப் படிக்கும் முறைக்கு ஒரு கற்பனை உதாரணம். சோடியம் 2.0, குளோரைடு 2.3, சல்பேட் 3.1, பொட்டாசியம் 0.45 மைக்ரோகிராம் வந்ததாக வையுங்கள். கடல் நீரில் சோடியத்துக்குக் குளோரைடு 1.8 மடங்கு, ஆகவே 3.6 இருக்க வேண்டியது 2.3தான் இருக்கிறது, 36 சதவீதம் போய்விட்டது. நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்கள் உப்பைத் தாக்கி ஹைட்ரோகுளோரிக் ஆவியை வெளியேற்றியதன் தடயம் அது. சல்பேட்டில் சோடியத்தின் 0.252 மடங்கு, அதாவது 0.5, கடலுடையது, மீதி 2.6 பெரும்பாலும் புகைபோக்கிகளுடையது. பொட்டாசியத்தில் சோடியத்தின் 0.037 மடங்கை, அதாவது 0.07ஐ, கழித்தால் 0.38, அது விறகுப் புகையின் அடையாளம். கடல் பங்கைக் கழிக்காமல் பொட்டாசியத்தை மொத்தமாகப் புகைக் கணக்கில் எழுதுவது கடற்கரை ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. இதே கழித்தலை மாடல் வெளியீட்டிலும் செய்து, மொத்த எடையை விட்டுவிட்டுத் துண்டு துண்டாக ஒப்பிடுங்கள். உப்பு மிகையும் புகைக் குறையும் ஒன்றையொன்று சமன்செய்து பிஎம் 2.5 சரியாக வரும் நாள்கள் நிச்சயம் கிடைக்கும். அவற்றைக் கண்டு ஏமாறக் கூடாது.

படிவுக்கு மலிவான சோதனை ஒன்று உண்டு. இரும்பு அரிப்பு ஆய்வுகளில் பயன்படும் ஈரத்திரி முறை: திறந்தவெளியில் நனைந்த திரியைக் கூரைக்கடியில் வைத்து, அதில் படிந்த குளோரைடை ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பது. உப்புக்காற்றால் 1914ஆம் ஆண்டுப் பாம்பன் பாலம் பட்ட பாடு ஊரறிந்தது. கரையிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டரில் ஒவ்வொரு திரி வைத்தால் உப்பு உள்நாட்டுக்குள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற கோடு கிடைக்கும். திரியில் ஒட்டுவதும் தரையில் படிவதும் அளவில் ஒன்றல்ல, ஆகவே எண்களை நேருக்கு நேர் வைக்காமல் குறையும் வேகத்தை மட்டும் மாடலோடு ஒப்பிடுங்கள். 10 மைக்ரான் துகள் நொடிக்கு 0.3 சென்டிமீட்டர்தான் இறங்கும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்பது மணி நேரம். மாடலில் ஐந்து கிலோமீட்டருக்குள் உப்பு காணாமல் போனால் படிவுச் சூத்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தூசு பற்றிச் சுருக்கமாக: பங்குனி முதல் கண்மாய்கள் வறண்டு வண்டல் வெடித்துக் கிடக்கும், சாயல்குடிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல். உலகத் தூசு வரைபடங்களில் இந்த இடங்கள் இல்லை. வைகாசி, ஆனியில் சாயல்குடியில் கால்சியம் மிகுந்து வந்தால் மட்டும் இதற்கு நேரம் செலவிடுங்கள்.

ஓட்டும் வரிசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஆடியில் பத்து நாள், தையில் பத்து நாள். 24 மணி நேரப் பிஎம் 2.5க்குச் சராசரிச் சாய்வு 30 சதவீதத்துக்குள், தொடர்பெண் 0.4க்கு மேல் என்பது ஏற்கத்தக்க வரம்பு. 10 சதவீதத்துக்குள், 0.7க்கு மேல் என்பது நல்ல மாடல். மொசைக் கேள்விக்கு அதன்பின் வரலாம். சோடியமும் காற்று வேகமும் பொருந்திய பிறகும் வடிதாளில் 36 சதவீதக் குளோரைடு இழப்பும் மாடலில் அதில் மூன்றில் ஒரு பங்கும் வந்தால், அமிலத்துக்கும் பெரிய உப்புத் துகளுக்கும் இடையிலான பரிமாற்றத்தை மாடல் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். அப்போது தை மாதம் ஒன்றுக்கு மட்டும் மொசைக்கை எட்டுத் துகள் அளவுப் பகுப்போடு ஓட்டிப் பாருங்கள். நான்கு பகுப்பு வேண்டாம், அதில் 2.5 முதல் 10 மைக்ரான் வரை ஒரே பகுப்பு, உங்கள் உப்பின் பெரும்பகுதி அந்த ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும்.